அருவிக்கரையில் ஓர் அடுப்பு



விடுமுறை நாட்கள் நெருங்கும்போது நம் இல்லங்களில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. "எங்கே போவது?" என்பது முதற் கேள்வி. "அங்கே போனால் எங்கே சாப்பிடுவது?" என்பது இரண்டாவது. முதற் கேள்வியைப் பிள்ளைகள் எழுப்புவர். இரண்டாவதை, ஆண்டு முழுவதும் அனைவருக்கும் சமைத்துப் போடும் தாயார் எழுப்புவார். அவர் கேட்பதில் நியாயம் உண்டு. நாள்தோறும் அடுப்படியில் நிற்பவருக்கு ஒரு நாளேனும் அதிலிருந்து விடுதலை வேண்டாமா? ஆற்றையும் மலையையும் பார்த்தபடி, பிறர் சமைத்துப் பரிமாற, பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டும் என்று அவர் விரும்பினால் அதனை ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது.

அவ்வாறு அமர்ந்து உண்பதற்கேற்ற ஓரிடத்தைப் பற்றியும், அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தைப் பற்றியும் இத்திங்கள் எழுத விழைகிறேன்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகச் சுமார் 46 கிலோமீட்டர் சென்றால் ஒகேனக்கல் வரும். குடகு மலையில் தலைக்காவிரியில் பிறந்த காவிரி, கருநாடகத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லையில், பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து அருவிகளாக வீழும் இடம் அது. கன்னட மொழியில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்' என்றால் பாறை. வீழும் நீர் சிதறித் திவலைகளாய் எழும்போது பாறையே புகைவதுபோலத் தோன்றும். அதனால் வந்த பெயர் இது. மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாக முடையப்பெற்ற பரிசலில் ஏறி, இருபுறமும் செங்குத்தாய் நிற்கும் பாறைச் சுவர்களின் நடுவே செல்லும்போது, வாயாடிப் பிள்ளைகளும் சற்று நேரம் பேச்சை மறந்துவிடுவர்.

உணவு விடுதிகளுக்கும் அங்கே குறைவில்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உண்டு. பேருந்து நிலையத்தை அடுத்துச் சிற்றுண்டிக் கடைகள் உண்டு. அருவிக்குச் செல்லும் வழியெங்கும் இரும்புக் கல்லில் மிளகாய்ச் சாந்து பூசிய மீன் துண்டுகள் பொரிந்துகொண்டிருக்கும். அந்த மணம் நம்மைக் கையைப் பிடித்து இழுக்கும். ஆயினும் ஒகேனக்கல்லுக்கே உரிய உணவகம் இவற்றுள் எதுவும் அன்று. அதற்குக் கூரை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியலும் இல்லை.

அது நடைபெறும் முறை இதுதான். காவிரியிலும், கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் பிடிக்கப்பெறும் கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை முதலான மீன்கள் அங்குள்ள மீன் கடைகளில் விற்பனைக்கு வருகின்றன. வேண்டிய மீனை நாமே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய மறுகணமே சமையற்காரப் பெண்கள் நம்மைச் சூழ்ந்துகொள்வர். அவர்களுள் ஒருவரிடம் கூலி பேசி மீனை ஒப்படைத்தால், எத்தனை பேர் என்று கேட்டு, எண்ணெய் இவ்வளவு, புளி இவ்வளவு, தக்காளி இவ்வளவு, அரிசி இவ்வளவு என்று அவரே கணக்குச் சொல்வார். அவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் அருவியில் நீராடவோ பரிசலில் செல்லவோ போய்விடலாம். திரும்பி வரும்போது, மரநிழலில் கல் அடுப்பின்மீது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். ஒருபுறம் வறுவல் ஆயத்தமாக இருக்கும். இலையைப் போட்டு அமர வேண்டியதுதான். காதில் காவிரியின் ஓசை, கண்ணெதிரே மலை.

அந்தக் குழம்பின் சுவைக்கு அந்த மண்ணும் ஒரு காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் புளிக்குப் பெயர் பெற்றவை. தக்காளிக்குப் பாலக்கோட்டுச் சந்தை பெயர் பெற்றது. வானம் பார்த்த அந்த நிலத்தில் கேழ்வரகு செழிப்பாக விளைகிறது. 2023ஆம் ஆண்டில் நியாயவிலைக் கடைகளில் கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியபோது, முதலில் தேர்ந்துகொண்ட இரண்டு மாவட்டங்களுள் தருமபுரி ஒன்று; மற்றது நீலகிரி. சமைக்கும் பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு, சோற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியை அந்த மீன் குழம்போடு உண்டு பாருங்கள். நகரத்துப் பெரிய விடுதிகளில் அது கிடைக்காது.

நிற்க. சில காலத்திற்கு முன் நம் பங்கைச் சேர்ந்த 8 குடும்பங்கள் ஒரு சிற்றுந்தை அமர்த்திக்கொண்டு ஒகேனக்கல் சென்றபோது நானும் உடன் சென்றேன். மீன் வாங்கியாயிற்று. நடுத்தர வயதுடைய ஒரு பெண்மணியும் அவருடைய மருமகளும் சமைத்துத் தர முன்வந்தனர். அந்த அம்மையார் கூலி சொன்னார். நம்மவருள் இளைஞர் ஒருவர் உடனே பேரம் பேசத் தொடங்கினார். அவர் நல்லவர், கோவிற் காரியங்களில் முன்நிற்பவர். ஆனால் பேரத்தில் வெல்வதைத் திறமை என்று எண்ணுபவர். "அதிகம்" என்றார். "அடுத்த அடுப்பில் குறைவாகச் செய்கிறார்கள்" என்றார். எழுந்து போவதுபோல இரண்டடி நடந்தார். இறுதியில் அந்த அம்மையார், "சரிங்கண்ணா, உங்க இஷ்டப்படி குடுங்க" என்று கூறி மீனை வாங்கிக்கொண்டார். 150 ரூபாய் குறைந்தது. சுற்றி நின்றவர்கள் இளைஞரைப் பாராட்டினர். நான் பாராட்டவில்லை, ஆனால் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவும் இல்லை. அது என் குற்றம்.

மற்றவர்கள் அருவிக்குச் சென்றனர். முழங்கால் வலியின் காரணமாக நான் அடுப்பருகே நிழலில் அமர்ந்துகொண்டேன். விறகு ஈரமாக இருந்தது. புகை கண்ணைக் கரித்தது. மருமகள் ஊதி ஊதித் தீ மூட்ட, மாமியார் செதில் நீக்கி, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவினார். விறகு அவர்களுடையது, பாத்திரம் அவர்களுடையது, தண்ணீர் சுமப்பதும் அவர்களே. பேச்சுவாக்கில், "ஆற்றில் நிறையத் தண்ணீர் வரும்போது இன்னும் அழகாக இருக்குமே!" என்றேன்.

அவர் குழம்பைக் கிளறியபடியே, "தண்ணி நிறைய வந்தா உங்களுக்குப் பார்க்க அழகு சாமி. எங்களுக்கு அன்னைக்கு அடுப்பு எரியாது" என்றார்.

அதன் பொருளைப் பின்னரே விசாரித்து அறிந்தேன். தென்மேற்குப் பருவமழையில் கருநாடகத்துக் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால் உபரி நீர் திறந்துவிடப்படும். எல்லையில் பிலிகுண்டுலு என்னுமிடத்தில் மத்திய நீர் ஆணையம் அந்நீரை அளக்கிறது. ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே, அந்த அளவு கணக்கிடப்படுவதும் அங்கேதான். அங்கே நீர் உயர்ந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். உயிர்களைக் காப்பதற்கான தடை அது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. 2018ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தபோது இத்தகைய தடைகள் நீடித்தன. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோயின் காரணமாக மாதக்கணக்கில் எவருமே அங்கு வர இயலவில்லை.

டெல்டா உழவர்கள் மகிழ்ச்சியடையும் நாள் அது. மேட்டூர் அணை 120 அடியை எட்டிற்று என்று நாமும் செய்தித்தாளைப் பார்த்துக் களிக்கிறோம். அதே நாளில் அருவிக்கரையில் சமைப்பவர், பரிசல் ஓட்டுபவர், எண்ணெய் தேய்த்துவிடுபவர், மீன் பொரித்து விற்பவர் ஆகிய அனைவருக்கும் வருவாய் நின்றுவிடுகிறது. அந்த அம்மையாரின் கணவர் பரிசல் ஓட்டுபவராம். ஆக, அவ்வீட்டின் இரண்டு வருவாய்களும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. அவர் கேட்ட கூலியில் அன்றைய உழைப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை. அடுப்பு எரியாத நாட்களின் பசியும் அடங்கியிருந்தது. அந்தப் பசியிலிருந்துதான் நாங்கள் 150 ரூபாயைக் குறைத்துக்கொண்டோம்.

உணவு வேளையில் அனைவரும் வயிறார உண்டனர். இத்தகைய குழம்பை உண்டதே இல்லை என்று புகழ்ந்தனர். கைகழுவிய பின் கூலி கொடுக்க இளைஞர் பணத்தை எடுத்தார். எங்களோடு வந்திருந்த ஒரு பாட்டியம்மா அவரைத் தடுத்து, "தம்பி, வேன் வாடகையில குறைச்சியா?" என்று கேட்டார்.

"இல்லை பாட்டி, அது பேசிய வாடகை."

"டீசல் போட்டப்போ குறைச்சியா? வழியில ஐஸ்கிரீம் வாங்கினியே, அங்க குறைச்சியா?"

இளைஞர் பதில் கூறவில்லை.

"காலையிலிருந்து எத்தனை பேருக்குக் காசு கொடுத்தோம்! இந்தப் பொம்பள ஒருத்திகிட்ட மட்டுந்தான் குறைச்சோம். ஏன் தெரியுமா? இவகிட்ட மட்டுந்தான் குறைக்க முடிஞ்சுது."

பாட்டி தம் சுருக்குப் பையைத் திறந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்தார். பிறகு ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை வைத்தது. அந்த அம்மையார் முதலில் கேட்ட கூலியும் அதற்கு மேலும் சேர்ந்தது. அவர், "பேசினது போதுங்கம்மா" என்று மறுத்தார். "பேசினதுதான் தப்பு, வாங்கிக்க தங்கச்சி" என்றார் பாட்டி. அந்த இளைஞரே அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மருமகளும் மாமியாரும் அதுவரை உண்ணாதிருப்பதை அப்போதுதான் கவனித்தோம். மீதியிருந்த குழம்பை வழித்து எங்கள் தூக்கில் ஊற்றித் தரவும் ஆயத்தமாக இருந்தனர். அதனைத் தடுத்து அவர்களை உட்கார வைத்தோம். எங்கள் பெண்கள் பரிமாறினர்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடர்களை உண்ண அழைத்த நிகழ்ச்சியை நாம் நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். நீர்க்கரையில் மீன் சமைத்துப் பிறர் பசி ஆற்றுவது இழிந்த தொழிலன்று என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. பலமுறை அப்பகுதியைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறேன். ஆயினும் அன்று பேரம் நடந்தபோது அது என் நினைவுக்கு வரவில்லை. எழுத்தறியாத ஒரு பாட்டிக்கு வந்தது.

நீங்கள் ஒகேனக்கல்லுக்கோ, வேறு எந்த அருவிக்கோ, மலைக்கோ செல்வீர்களாயின் சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். புறப்படுமுன் தடை ஏதும் உள்ளதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மீன் வாங்கும்போது செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். வழியோரத்தில் பொரித்த மீனை வாங்கினால் எண்ணெய் கறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். பரிசலில் உயிர்காப்பு உடை இன்றி ஒருவரும் ஏற வேண்டாம். சமையலுக்கான கூலியை முன்னரே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். ஏமாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நியாயமாகத் தோன்றும் கூலியைத் திறமை காட்டுவதற்காகக் குறைக்காதீர்கள். சமைத்தவர் உண்டாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றொன்று. உண்ட இலையையும் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் பாறை இடுக்குகளில் எறிந்துவிட்டு வராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தடை இருப்பினும் இல்லாவிடினும், அந்த நீர் பிறர் குடிக்கும் நீர். ஆறு அருகே ஓடியும், அந்த மாவட்டங்களின் பல ஊர்களில் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரையே குடித்துப் பல்லும் எலும்பும் பழுதுற்றோர் பலர். சப்பான் நாட்டின் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், இந்தக் காவிரி நீரையே அவர்களுடைய குடத்துக்குக் கொண்டு செல்கிறது.

நமக்கு அது ஒரு நாள் பார்க்கும் காட்சி. அங்கே வாழ்வோர்க்கு அது அன்றாட உணவும் நீரும். இந்த வேறுபாட்டை உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். அடுத்த முறை நாங்கள் செல்லும்போது கூலி பேசும் பொறுப்பை ஏற்கப்போவதாக அந்த இளைஞரே கூறியிருக்கிறார்.