வரியினும் கொடியது அச்சம்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம்மவர் பழமொழி. ஐக்கிய அமெரிக்காவிலே ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதம் 15 ஆந் திகதி நெருங்குங்கால் இப்பழமொழி பல இல்லங்களில் மெய்யாகின்றது. ஒருவர் தம் வருமானத்தையும் கழிவுகளையும் தாமே கணக்கிட்டு, வருமானவரி விவரத்திரட்டாக அரசினர்க்கு அனுப்புதற்குரிய இறுதி நாள் அஃதே. கற்றவரும் அப்படிவத்தைக் கண்டு மருளுகின்றனர். நம் வாசகர்களுட் பலருக்கு அந்நாட்டிலே பிள்ளைகளோ மருமக்களோ பேரர்களோ இருக்கின்றனர். ஆதலின், அங்குள்ள சாதாரண குடிமக்கள் ஆண்டுதோறும் எழுப்பும் வினாக்கள் சிலவற்றை இவ்வாரம் ஆராய்வோம். ஆராயுமிடத்து, வரியினால் வரும் நட்டத்திலும் வரியைப் பற்றிய அச்சத்தினாலும் தவறான எண்ணத்தினாலும் வரும் நட்டம் பல வேளைகளிற் பெரிதாதல் புலப்படும்.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்க அரசியலமைப்பின் 16 ஆவது திருத்தம் 1913 ஆம் ஆண்டிலே நிறைவேறிய பின்னரே இன்றைய வருமானவரி நிலைபெற்றது. 1040 என்னும் இலக்கமுடைய படிவமும் அக்காலத்திலேயே தோன்றியது. அன்று அவ்வரி பெரும்பாலும் செல்வர்களையே சார்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போதுதான் அது தொழிலாளர் வீட்டையும் எட்டியது. 1943 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பளம் கொடுப்பவரே ஒவ்வொரு முறையும் வரிக்கென ஒரு பகுதியைக் கழித்து அரசினர்க்குச் செலுத்தும் முறை வந்தது. இறுதி நாள் ஏப்பிரல் 15 ஆகியது 1955 ஆம் ஆண்டு முதலாகும்.

இனி முதலாவது வினாவைக் காண்போம். “அரசாங்கம் எனக்குத் திருப்பித் தரும் பணம் ஒரு கொடைதானே?” எனப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அஃது அவர்களுடைய சொந்தப் பணமே. சம்பளத்திலிருந்து வேண்டியதற்கு மேலாகக் கழிக்கப்பட்ட தொகை, கணக்குப் பார்த்தபின் மீண்டு வருகின்றது. 2,400 டொலர் மீளப் பெற்று மகிழ்பவர், மாதந்தோறும் 200 டொலரை அரசினர்க்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்தவரே ஆவர். தொழில் தருபவரிடம் கொடுக்கும் டபிள்யூ-4 என்னும் படிவத்தைத் திருத்தி எழுதினால், அப்பணம் மாதச் சம்பளத்தோடு கைக்கு வரும். ஆயினும் அளவுக்கு மீறிக் குறைத்தெழுதினால் ஏப்பிரல் மாதத்திலே கடனாளியாக நேரும்.

மீளளிப்பு முழுவதும் எப்பொழுதும் சொந்தப் பணமாய் இராது. உழைத்துக் குறைந்த வருமானம் பெறுவோர்க்கென 1975 ஆம் ஆண்டிலே ஏற்படுத்தப்பட்ட வரிச் சலுகை ஒன்றுண்டு. செலுத்தவேண்டிய வரி யாதும் இல்லாதபோதும், தகுதியுடையார்க்கு அது பணமாகவே வழங்கப்படும். ஆயின், விவரத்திரட்டு அனுப்பினவர்க்கே அது கிடைக்கும். “என் வருமானமோ சிறிது, நான் ஏன் எழுதவேண்டும்?” என்று வாளாவிருக்கும் ஏழைத் தாய் தனக்குரியதை இழக்கின்றாள். மீளளிப்பைக் கோருவதற்குப் பொதுவாக 3 ஆண்டுகளே எல்லை. அதன்பின் அப்பணம் அரசினர் கருவூலத்துக்கே உரியதாகிவிடும்.

இரண்டாவது வினா சம்பள உயர்வைப் பற்றியது. “உயர்வு பெற்றால் மேற்பட்ட வரி வீதத்திற்குள் அகப்பட்டு, முன்னையிலுங் குறைவாகப் பெறுவேனோ?” என்று அஞ்சி, மேலதிக நேர வேலையையும் மறுப்போர் உளர். வரி வீதங்கள் 10, 12, 22, 24, 32, 35, 37 எனப் படிக்கட்டுப்போல உயர்கின்றன. ஒவ்வொரு படியின் வீதமும் அப்படியில் அடங்கும் தொகைக்கு மாத்திரமே உரியது; கீழ்ப்படிகளை அது தீண்டுவதில்லை.

திருமணமாகாத ஆசிரியை ஒருவர் 2025 ஆம் ஆண்டிலே 64,225 டொலர் சம்பளம் பெற்றார் என்க. எல்லோர்க்கும் பொதுவான நியமக் கழிவு, தனியொருவருக்கு அவ்வாண்டிலே 15,750 டொலர். அது நீங்க, வரிக்குரிய வருமானம் 48,475 டொலர். இதில் முதல் 11,925 டொலருக்கு 10 வீதமும், எஞ்சிய 36,550 டொலருக்கு 12 வீதமுமாக, வரி 5,578 டொலர் 50 சதம். இப்பொழுது அவருக்கு 1,000 டொலர் உயர்வு கிடைக்கின்றது. அந்த ஆயிரம் மாத்திரமே 22 வீதப் படியில் ஏறும். ஆகவே கூடுதல் வரி 220 டொலர். மற்றைய கழிவுகளை ஒதுக்கிப் பார்த்தால் 780 டொலர் அவருக்கே எஞ்சும். அஞ்சுபவரோ முழுத்தொகைக்கும் 22 வீதமெனக் கணக்கிட்டு, வரி 10,884 டொலருக்கு மேலாகிவிடும் என நடுங்குகின்றார். வருமானம் உயர உயரக் குறையும் சலுகைகள் சில இருப்பதும் உண்மையே. ஆயினும் படி மாறுவதனால் மாத்திரம் எவருடைய வருமானமும் குறைந்துவிடாது.

மூன்றாவது வினாவே தலையாயது. “செலுத்தப் பணம் இல்லை, என் செய்வேன்?” இவ்விடத்திலேதான் அச்சம் மிகப் பெரிய தீங்கு செய்கின்றது. பணமில்லாதவர் படிவத்தையே அனுப்பாது ஒளித்து வைக்கின்றனர். சட்டமோ செலுத்தாமையையும் அறிவியாமையையும் வேறு வேறு குற்றங்களாகக் கொள்கின்றது. கணக்கை உரிய காலத்தில் அனுப்பிப் பணம் செலுத்தாதவருக்கு மாதம் அரை வீதம் தண்டம். கணக்கையே அனுப்பாதவருக்கு இரு தண்டமும் சேர்ந்து மாதம் 5 வீதமாகும். அஃதாவது பத்து மடங்கு.

4,000 டொலர் செலுத்தவேண்டிய இருவர் 5 மாதம் தாமதித்தனர் எனக் கொள்வோம். கணக்கைக் காட்டியவருக்குத் தண்டம் 100 டொலர். ஒளித்தவருக்கு 1,000 டொலர். வட்டி இருவர்க்கும் வேறாக உண்டு. கணக்கைக் காட்டியவர் தவணை முறையிற் செலுத்தவும் விண்ணப்பிக்கலாம். அத்தவணை ஏற்கப்பட்டால் தண்டமும் பாதியாகக் குறையும். இருவரிடத்தும் வறுமை ஒன்றே. ஒருவர் அதை எழுதிக் காட்டினார், மற்றவர் மறைத்தார். இருவர்க்குமிடையே 900 டொலர் வேற்றுமையை உண்டாக்கியது அந்த மறைப்பேயாகும்.

4868 என்னும் படிவத்தால் ஒக்டோபர் 15 வரை தவணை பெறலாம். ஆனால் அது கணக்கை அனுப்புதற்குரிய தவணையே, பணம் செலுத்துதற்குரியதன்று. கணக்கிட்டுப் பார்த்து, இயன்றதை ஏப்பிரலிலேயே செலுத்துதல் நன்று.

இனி, கடல்கடந்த உறவினரைப் பற்றிய வினா. இலங்கையில் வாழும் தாய் தந்தையர்க்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் மகன், அவர்களைத் தன்னைச் சார்ந்து வாழ்வோராகக் காட்டி வரிச் சலுகை பெறமுடியுமோ? பெறமுடியாது. பெற்றோர் அமெரிக்கப் பிரசைகளாகவோ, அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளில் வதிவோராகவோ இருத்தல் வேண்டும் என்பது விதி.

இங்குள்ள பெற்றோர் கவனிக்கவேண்டியது மற்றொன்று. அமெரிக்கப் பிரசைகளும் அங்கு நிரந்தர வதிவுரிமை பெற்றோரும், உலகில் எங்கு பெறும் வருமானத்தையும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். பெற்றோர் தம் வங்கிக் கணக்கிலே மகனின் பெயரையும் சேர்த்திருத்தல் நம்மவரிடையே வழக்கம். அத்தகைய வெளிநாட்டுக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டொலரைக் கடந்தால், அதனை அவர் தனியாக அறிவித்தல் வேண்டும். இஃது வரியன்று, அறிவித்தலே. ஆனால் அறிவியாமைக்குத் தண்டம் கடுமையானது. ஆகவே பெயரைச் சேர்த்த பெற்றோர் அச்செய்தியை மகனுக்கு எழுதிவிடுதல் கடமை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. மக்களின் அச்சத்தை வஞ்சகரும் அறிவர். “வரி செலுத்தவில்லை, இன்றே சிறை” எனத் தொலைபேசியிலே மிரட்டி, கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளை வாங்கச் சொல்லி, அவற்றின் இலக்கங்களைக் கேட்போர் அங்கு உளர். உண்ணாட்டு இறைவரிச் சேவை என்னும் அரசினர் பகுதி பொதுவாக முதலில் தபால் மூலம் கடிதமே அனுப்பும். பரிசு அட்டையாற் பணம் கேட்பதில்லை. படிவம் நிரப்பத் தெரியாத முதியோர்க்கும் வருமானம் குறைந்தோர்க்கும் கட்டணமின்றி உதவும் தொண்டர் நிலையங்களும் அதன் ஆதரவில் உள்ளன. அஞ்சி ஒளிவோர்க்கு இவ்வுதவிகள் யாவும் எட்டாக் கனியே.

வரி செலுத்துதல் எவர்க்கும் இனிப்பதன்று. ஆயினும் கணக்கை வெளிப்படையாக வைப்பவரிடம் சட்டம் சற்று இரக்கங் காட்டுகின்றது. ஆகவே, அமெரிக்காவிலுள்ள பிள்ளையோடு பங்குனி மாதத்திலே பேசும் பெற்றோர், “வரியைக் கட்டிவிட்டாயா?” என்று கேட்பதற்கு முன்னர், “கணக்கை அனுப்பிவிட்டாயா?” என்று கேட்பாராக.