கையெழுத்துப் போடத் தெரியுமா?

'விளையாட்டில் அரசியலை நுழைக்காதீர்கள்' என்று உபதேசிக்கும் கனவான்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: ரியோ டி ஜெனீரோவின் 1923ஆம் ஆண்டுக் கால்பந்துப் பருவத்தில் அரசியலை மைதானத்துக்குள் கொண்டுவந்தது யார்? பந்தை உதைத்த கறுப்பர்களா, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விதி எழுதியவர்களா?

பிரேசிலில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1888இல்தான். அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக அதைக் கைவிட்ட நாடு அது. கால்பந்து அங்கே வேர்விட்டது அதற்குப் பிறகு, ஐரோப்பாவில் படித்துத் திரும்பிய பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக. 1907இல் ரியோ லீக் 'நிறமுள்ளவர்களை'ப் பதிவு செய்வதில்லை என்று பச்சையாகவே முடிவெடுத்தது. நெசவாலைத் தொழிலாளர்களை வைத்து ஆடிய பாங்கு சங்கம் லீக்கை விட்டு வெளியேறியது.

பிறகு அவ்வளவு பச்சையாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. 'அமெச்சூர்' என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. காசுக்கு ஆடாதவனே உண்மையான விளையாட்டுக்காரன் என்ற கருத்தியல். கேட்க எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! அப்பன் சொத்தில் சாப்பிடுகிறவன் காசு வாங்காமல் ஆடுவான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் எதைத் தின்னுட்டு ஆடுவான்?

இந்த இடத்தில்தான் வாஸ்கோ ட காமா என்ற சங்கம் நுழைகிறது. 1898இல் போர்த்துகீசியக் குடியேறிகள் படகுப் போட்டிக்காகத் தொடங்கிய சங்கம். அந்த மாலுமி கோழிக்கோட்டில் வந்து இறங்கி 400 ஆண்டு ஆனதால் அவன் பெயர். 1922இல் இரண்டாம் பிரிவில் வென்று 1923இல் முதல் பிரிவுக்கு வந்தார்கள். அணியில் கறுப்பர்கள், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர். கோல்கீப்பர் நெல்சன் வாடகைக் கார் ஓட்டுநர். நிக்கோலினோ துறைமுகத் தொழிலாளி. போலாவ் லாரி ஓட்டுநர். செசி சுவருக்கு வண்ணம் அடிப்பவர். உருகுவேக்காரரான பயிற்சியாளர் ரமோன் பிளாட்டேரோ அவர்களை ஓடவிட்டுப் பழக்கியிருந்தார். கனவான்கள் மூச்சு வாங்கும் நேரத்திலும் இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். 14 ஆட்டங்கள், 11 வெற்றி, 2 சமன். தோற்றது ஒன்றே ஒன்று, ஃப்ளமெங்கோவிடம் 3-2. முதல் பிரிவுக்கு வந்த முதல் ஆண்டிலேயே கோப்பை.

உடனே எழுந்தது கூச்சல்: 'காசு வாங்கிட்டு ஆடுறானுங்க!' வாங்கினார்கள்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. போர்த்துகீசிய வியாபாரிகள் வீரர்களைத் தம் கடை ஆட்களாகக் கணக்கில் காட்டினார்கள். வென்றால் பரிசுப்பணமும் கொடுத்தார்கள். அதற்கு 'பிஷோ' என்று பெயர். விலங்குப் படம் போட்ட சூதாட்டச் சீட்டிலிருந்து வந்த வார்த்தை. உழைத்தவன் கூலி வாங்கினான். இதில் என்ன குற்றம்?

1924இல் ஃப்ளுமினென்சே, ஃப்ளமெங்கோ, பொட்டாஃபோகோ, அமெரிக்கா முதலிய சங்கங்கள் பழைய லீக்கை உதறிவிட்டு 'அமேயா' என்ற புதிய லீக்கை அமைத்தன. அதன் விதிகளைக் கவனியுங்கள், தோழர்களே. வீரனுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என்ன தொழில், எப்படிப் பிழைக்கிறான் என்று விசாரணை நடக்கும். எங்காவது 'கறுப்பன்' என்ற சொல் இருக்கிறதா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. கல்வியை எவனுக்கு மறுத்தார்களோ அவனிடமே கல்விச் சான்று கேட்பது. இதுதான் 'தகுதி'யின் சூட்சுமம். நமக்கு ஒன்றும் புதிதில்லை. அதே நாட்டின் 1891 அரசியல் சட்டம் எழுத்தறியாதவனுக்கு வாக்குரிமை மறுத்தது. அந்த உரிமை திரும்பக் கிடைத்தது 1985இல். ஓட்டுச்சாவடியிலும் மைதானத்திலும் ஒரே பூட்டு.

வாஸ்கோ உள்ளே வரலாம், ஆனால் 12 வீரர்களை விலக்கிவிட்டு வர வேண்டும் என்றார்கள். சங்கத் தலைவர் ஜோசே அகுஸ்து பிரெஸ்திஸ் 1924 ஏப்ரல் 7 அன்று பதில் எழுதினார். இந்தப் பன்னிரண்டு பேரும் வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞர்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்ட நாங்களே அவர்கள்மீது கறை பூச மாட்டோம். உங்கள் லீக் எங்களுக்கு வேண்டாம் என்பதே அதன் சாரம். பழைய லீக்கிலேயே தங்கி, ஒரு ஆட்டமும் தோற்காமல் அந்த ஆண்டும் வென்றார்கள். மக்கள் கூட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. 1925இல் அமேயா கதவைத் திறந்தது. யாரையும் விலக்காமலேயே வாஸ்கோ உள்ளே போனது. சொந்த மைதானம் இல்லை என்ற ஏளனத்துக்கும் பதில் வந்தது. ஆதரவாளர்களிடம் திரட்டிய பணத்தில் கட்டிய சாங் ஜனுவாரியோ மைதானம் 1927 ஏப்ரல் 21இல் திறக்கப்பட்டது. அன்று பிரேசிலிலேயே அதுதான் பெரியது.

வாஸ்கோ வியாபாரிகளைப் புரட்சியாளர்களாக்க எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு வெற்றி வேண்டியிருந்தது. மேட்டுக்குடியின் இளக்காரத்துக்குத் தாங்களும் ஆளானவர்கள் என்ற எரிச்சலும் இருந்தது. வரலாற்றில் கூட்டணிகள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. ஆனால் விலை பேசும் நேரம் வந்தபோது பன்னிரண்டு பேரை விற்றுவிட்டு உள்ளே போகவில்லை. நான் எடைபோடுவது இதை. ஒடுக்கப்பட்டவன் ஆட்டத்தில் ஜெயிப்பதை மேலே இருப்பவன் ஒரு பருவம் பொறுத்துக்கொள்வான்; அடுத்த பருவத்துக்கு விதியை மாற்றிவிடுவான். அப்போது ஒட்டுமொத்தமாக வெளியே நிற்கும் துணிவில்லையென்றால் கோப்பை வெறும் பாத்திரம்.

1933இல் ரியோவில் வெளிப்படையாகவே தொழில்முறைக் கால்பந்து வந்தது. 'அமெச்சூர்' வேலி சரிந்தது. கணக்கு அத்தோடு தீர்ந்ததா? இல்லை. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றபோது, பழி முழுக்க விழுந்தது கோல்கீப்பர் பார்போசாமீது. கறுப்பர், அதே வாஸ்கோவின் கோல்கீப்பர். 2000இல் இறக்கும்வரை அந்தப் பழியை அவர் சுமந்தார். வென்றால் நாடு வென்றது, தோற்றால் கறுப்பன் தோற்றான்!

எனவே மாணவத் தோழர்களே, எந்த விதியைப் படித்தாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜெயித்தவன் யார் என்று கேளுங்கள்.