பிறனைக் காணாத ஞானம்



தொழில்நுட்பம் மனிதரை ஆளத் தொடங்கிவிட்டது என்ற கவலை இன்று பல இல்லங்களில் ஒலிக்கிறது. அதை ஆழமாகச் சிந்தித்தவர்களுள் ஒருவர் ஜெர்மானியத் தத்துவஞானி மார்ட்டின் ஹைடெகர். தொழில்நுட்பம் என்பது வெறும் கருவிகளன்று, உலகனைத்தையும் பயன்பாட்டுக்கான இருப்புச் சரக்காகக் காணும் ஒரு பார்வை என்றார் அவர். மின்நிலையம் எழும்பியபின் ரைன் நதியும் நீர்விசை வழங்கும் பொருளாகிவிடுகிறது. மனிதனுக்கும் அதே ஆபத்து உண்டு என எச்சரித்தார். படைப்பைக் கர்த்தரின் ஈவாக ஏற்கும் நாம் இதைப் புறந்தள்ள முடியாது.

ஆயினும் அவர் 1933-இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார். அவர் எழுதி வைத்த 'கருப்புக் குறிப்பேடுகள்' 2014 முதல் வெளிவந்தன. எதையும் கணக்கிட்டு ஆளும் மனப்பாங்கை அவற்றில் அவர் யூதரோடு இணைத்திருந்தார். காலத்தின் நோய்க்கு ஓர் இனத்தின் முகத்தைக் கொடுத்துவிட்டார். அந்த மக்களோ பட்டியலிடப்பட்டு, பலர் சரக்கு இரயில்களில் ஏற்றப்பட்டு, ஏறக்குறைய 60 இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மனிதரைச் சரக்காகக் கண்ட பார்வைக்குப் பலியானவர்கள் அவர்களே.

போருக்குப்பின், 1949-இல் பிரேமன் நகரில் உரையாற்றியபோது, இயந்திரமயமான வேளாண்மையையும் நச்சுவாயு அறைகளில் நடந்த படுகொலையையும் சாராம்சத்தில் ஒன்றென்றார். கொன்றவர் யார், மாண்டவர் யார் என்ற கேள்வி அந்த ஒப்பீட்டில் மறைந்துபோயிற்று. ஆனால், சகோதரன் எங்கே என்பதே காயீனிடம் தேவன் கேட்ட கேள்வி.

அப்படியானால் அவருடைய சிந்தனை முழுவதையும் எறிந்துவிடலாமா? வேண்டாம், அதைச் சோதித்தறிவோம். பேராசையும் ஆளும் வெறியும் எல்லா மனித இருதயத்திலும் உண்டு. அவற்றை ஓர் இனத்தின்மேல் சுமத்தும் எந்தத் தத்துவமும் நம்மை மனந்திரும்புதலிலிருந்து விலக்குகிறது.

யூதரே உலகையும் ஊடகங்களையும் இரகசியமாய் ஆளுகிறார்கள் என்னும் செய்திகள், சில வேளைகளில் வேதவசனங்களோடு சேர்ந்தே, வாட்ஸ்அப்பில் உலவுகின்றன. நம் இரட்சகர் யூதராய்ப் பிறந்தார். ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளைகளாகிய நாம் பெருமை பாராட்டலாகாது என்று ரோமர் 11-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அத்தகைய செய்தியைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் அன்போடு அதன் பொய்யை எடுத்துரையுங்கள். அதுவும் ஓர் ஊழியமே.

பிறனைக் காணும் கண்களை ஆண்டவர் நமக்கு அருள்வாராக. ஆமென்.