வெட்டிப் பார்த்தால் போதுமா?

சாசேஜை நடுவில் வெட்டி, இளஞ்சிவப்பு போயிருந்தால் வெந்துவிட்டது என்பார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். இந்தச் சோதனை இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

பதப்படுத்திய சாசேஜில் நைட்ரைட் இருக்கும். வீணுக்குச் சேர்ப்பதல்ல, போட்டுலிசம் என்ற நோயின் கிருமியை அடக்கத்தான். (அந்த நோயின் பெயரே சாசேஜுக்கான இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது.) இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து, சூட்டுக்கும் மாறாத இளஞ்சிவப்பை நைட்ரைட் தருகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் அந்த நிறம் போகாது. மியூனிக்கின் வைஸ்வுர்ஸ்ட் சாசேஜில் நைட்ரைட் இல்லை, வெந்ததும் வெளுத்துவிடும். போகாத இளஞ்சிவப்பு போகக் காத்திருந்தால், நல்ல சாசேஜைக் கருக்குவதோடு போகும். எதிர்ப்பக்கம்தான் ஆபத்து: காற்றுபட்டுப் பழுப்பேறிய அரைத்த இறைச்சி, கிருமி சாகும் சூட்டை எட்டுமுன்பே வெந்த நிறம் காட்டும்.

சாறு தெளிந்து வந்தால் சரி என்பவர்களும் உண்டு. சாற்றுக்கு நிறம் தருவதும் அதே நிறமிதான். வேலிக்கு ஓணான் சாட்சி.

மேல்தோல் முறுகியதை நம்புவது இன்னும் மோசம். உறைந்த சாசேஜை நேரே சூடான சட்டியில் போட்டவர்களுக்குத் தெரியும், தோல் கருகும்போதும் நடு சில்லென்றிருக்கும்.

"மாட்டு ஸ்டேக்கை உள்ளே சிவப்பாகவே சாப்பிடுகிறார்களே?" முழுத் துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், தீ பட்டதும் சாகும். அரைக்கும்போது அந்த மேற்பரப்பு உள்ளே போய்க் கலந்துவிடுகிறது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை முழுப் பன்றித் துண்டுக்கு 63 டிகிரி செல்சியஸும் 3 நிமிட ஓய்வும் போதும் என்கிறது; அரைத்த பன்றி, மாட்டு சாசேஜுக்கோ 71, கோழிக்கு 74 வேண்டும் என்கிறது.

இந்தச் சூட்டைக் கண்ணால் அளக்க முடியாது. முள் போன்ற சமையல் தெர்மாமீட்டரை சாசேஜின் முனையிலிருந்து நீளவாக்கில் நடுவரை செருகுங்கள். பக்கவாட்டில் குத்தினால் நுனி மறுபுறம் வந்து சட்டியின் சூட்டைக் காட்டிவிடும்.

பாக்கெட்டில் வருவதெல்லாம் முன்பே வெந்தது என்பதும் சரியல்ல. பச்சையாக உறையவைத்த சாசேஜும் விற்கிறது, உறையைப் படியுங்கள். வெந்தே வந்தாலும், ஃபிரிட்ஜ் குளிரிலும் பெருகும் லிஸ்டீரியா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகளும் முதியவர்களும் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும்.

காலையில் பொரித்து மேசையில் கிடந்ததை இரவில் மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும் என்பதும் தவறு. மேசையில் கிடக்கையில் பெருகிய ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி செத்தாலும், அது விட்டுப்போன நஞ்சு கொதிநீரின் சூட்டுக்கும் அசையாது.