பிள்ளைகளின் நாளில் ஒரு வெற்று நேரம்



கெங்குவார்பட்டியில் வாழும் நமக்கு அல்லாஹ் வழங்கியுள்ள அருட்கொடைகளுள் அமைதியும் ஒன்று. பழனி மலைச்சரிவும், மஞ்சளாறும், மாந்தோப்புகளும் நம்மைச் சூழ்ந்துள்ளன. ஆயினும் நம் பிள்ளைகளின் நாளில் அமைதிக்கு இடமில்லை. ஃபஜ்ருக்குப் பின் மக்தப், பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இரவில் வீட்டுப்பாடம். எஞ்சிய நிமிடங்களைக் கைபேசி விழுங்கிவிடுகிறது. ஓதச் சொன்னால் பிழையின்றி ஓதுகிறார்கள். சொந்தமாகப் பத்து வரி எழுதச் சொன்னால் திகைக்கிறார்கள். இது அறிவுக் குறைவன்று. சிந்திக்க நேரம் தரப்படாததன் விளைவே.

வானம் பூமியின் படைப்பைச் சிந்திப்போரை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:190-191) சிறப்பித்துக் கூறுகிறது. அச்சிந்தனைக்குச் சற்றேனும் ஓய்ந்த உள்ளம் வேண்டாமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பக்தாதின் நிஜாமிய்யா மதரஸாவில் புகழின் உச்சியில் இருந்தவர்கள். கி.பி. 1095-இல் அப்பதவியைத் துறந்து, டமாஸ்கஸ் சென்று தனித்திருந்தார்கள். 'இஹ்யா உலூமித்தீன்' எனும் பெருநூல் அத்தனிமைக் காலத்தின் கனி. கல்வி முன்பே அவர்களிடம் நிறைந்திருந்தது. அதனை உள்ளத்தில் ஊறச் செய்தது அமைதி.

நம் அண்டையிலும் சான்று உண்டு. கம்பத்தைக் கடந்து, குமுளிக்கு அப்பால் உள்ள பீர்மேடு, தக்கலை பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தனித்திருந்த மலை என்பதால் அப்பெயர் பெற்றது என்பது வழக்கு. நெசவுத் தொழில் செய்த அப்பெருமகனார் 'ஞானப்புகழ்ச்சி' முதலிய நூல்களைத் தமிழுக்கு அளித்தார்கள்.

ஓய்வு சோம்பலில் முடியாதா எனச் சிலர் வினவலாம். நபி (ஸல்) அவர்கள் ஹிராக் குகையில் தனித்திருந்ததை நாம் அறிவோம். வஹீ இறைவனின் அருள்; மனிதச் சிந்தனையின் விளைவன்று. ஆயினும், கொண்டுசென்ற உணவு தீர்ந்ததும் அன்னார் கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வருவார்கள் என்னும் செய்தியில் நமக்குப் படிப்பினை உண்டு. தனிமை, கடமையைத் துறப்பதன்று. கடமைக்குத் தெளிவுடன் திரும்புவது.

கைபேசி பார்ப்பதை ஓய்வெனக் கருதுவதும் தவறு. அங்கே பிறருடைய எண்ணங்கள் ஓயாமல் வந்து நிறைகின்றன. சொந்த எண்ணம் முளைக்க இடமேது?

ஆகவே பெற்றோரை வேண்டுகிறோம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அரைமணி நேரமேனும் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். டியூஷன் வேண்டாம், கைபேசியும் வேண்டாம். உங்கள் கைபேசியையும் எடுத்து வையுங்கள். திண்ணையில் அமரட்டும், மலையைப் பார்க்கட்டும். முதற்சில நாள்கள் "சலிப்பாக இருக்கிறது" என்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். "என்ன செய்தாய்?" எனக் கணக்கும் கேட்காதீர்கள். மதரஸாவில் பாடம் முடிந்தபின் சில நிமிடங்கள் மௌனமாக அமரச் செய்வது ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.

மனனம் செய்வோர் நம்மிடையே பலர் உள்ளனர், அல்ஹம்துலில்லாஹ். சிந்திப்போரும் எழுதுவோரும் அவர்களிலிருந்தே உருவாக வேண்டும். பயனுள்ள கல்வியையும் தெளிந்த சிந்தனையையும் வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.