அப்பாருக்குப் பொய்க் கல்வெட்டு எதுக்கு?

எங்கள் ஊர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போன அத்தனை அப்பாருமாரும் நேதாஜி கூடத்தான் இருந்தார்களாம். (கொங்குத் தமிழ் பழகாதவர்களுக்கு: அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா.) நான் சொல்லவில்லை, பேரன்கள் சொல்கிறார்கள். இங்கே மெல்போர்னில் நாலு தமிழ்க் குடும்பம் ஒரு வீட்டில் கூடினால், சாப்பாடு முடிவதற்குள் ரெண்டு ஐ.என்.ஏ. வீரராவது கிளம்பி வந்துவிடுகிறார். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது.

சரி, கணக்குப் பார்ப்போம். பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமா பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்கு வேறென்ன தெரியும்! 1939-ல் போர் ஆரம்பித்தபோது இந்திய ராணுவத்தில் சுமார் 2 லட்சம் பேர். 1945-ல் முடியும்போது சுமார் 25 லட்சம் பேர். ஐ.என்.ஏ.வோ உச்சத்தில் இருந்தபோதே 40,000 சொச்சம்தான். அதிலும் பெரும் பகுதி மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள், அதுவரை துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். ஆக, நூறு சிப்பாய்க்கு ரெண்டு பேர்கூட நேதாஜி பக்கம் தேற மாட்டார்கள். நம் வீடுகளில் மட்டும் நூத்துக்கு நூறு. இந்த பாலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றால் நானும் போயிருப்பேன். போன வருஷம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பெரியப்பா பையன் போன் போட்டான். அப்பாரு பேரில் ஊருக்கு ஒரு பஸ் நிழற்குடை கட்டித் தருகிறார்களாம், என் பங்கு இவ்வளவு, கல்வெட்டு வாசகம் ரெடி. வாசகம் என்ன? "இந்திய தேசிய ராணுவத்தில் நேதாஜியுடன் போரிட்ட மாவீரர் நினைவாக." நான் கேட்டது ஒரே கேள்வி: "ஆதாரம் என்னடா இருக்குது?" அவன் சொன்ன பதில்: "அண்ணா, ஊரே சொல்லுது."

ஊர் சொல்வது இருக்கட்டும். அப்பாரு பெட்டியில் ஒரு வெண்கல நட்சத்திரம் கிடந்தது. ஆறு முனை. சின்ன வயதில் நாங்களெல்லாம் அதை வைத்து விளையாடியிருக்கிறோம். அது பர்மா ஸ்டார். பிரிட்டிஷ் ராணுவத்தின் பதக்கம், 1941 டிசம்பர் 11-லிருந்து 1945 செப்டம்பர் 2 வரைக்குமான பர்மாப் போருக்குக் கொடுத்தது. அந்தப் போரில் நட்சத்திரம் வாங்கிய பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் பெயர் பொறித்துத் தரவில்லை. இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் பின்பக்கம் நம்பரும் பெயரும் அடித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்தபோது அப்பாரு பெயர் தெரிந்தது. பெயருக்கு முன்னால் நம்பர்.

அந்த நம்பரை வைத்து அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. மனு. நான் போட முடியாது, பாஸ்போர்ட் மாற்றியாச்சு. தகவல் உரிமைச் சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும்தான், ஓ.சி.ஐ. அட்டை அங்கே செல்லாது. தங்கச்சி ஊரிலிருந்து பத்து ரூபாய் கட்டணத்தோடு போட்டாள். பதில் வந்தது. பென்ஷன் இல்லாத சிப்பாயின் சர்வீஸ் கோப்பை 25 வருஷத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை, விதிப்படி அழித்தாகிவிட்டது. லாங் ரோல் என்கிற பெரிய பதிவேட்டில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. நம்பர், பெயர், 1943-ல் சேர்ந்த தேதி, 1946-ல் வெளியே அனுப்பிய தேதி. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரி போதும். சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது 1942 பிப்ரவரி 15. ரெண்டு நாள் கழித்து ஃபேரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஐ.என்.ஏ.வுக்குப் போன சிப்பாய்களில் மிகப் பெரும்பாலோர் அந்தக் கூட்டத்திலிருந்தும் மலேயாவில் பிடிபட்டவர்களிலிருந்தும்தான் போனார்கள். எங்கள் அப்பாரு பட்டாளத்தில் சேர்ந்ததே அதற்கு ஒரு வருஷம் கழித்து. கையில் பர்மா ஸ்டார் வேறு. அதாவது, 1944-ல் நேதாஜியின் படை இம்பாலை நோக்கி வந்தபோது, எங்கள் அப்பாரு எதிர்ப் பக்கத்துச் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கிறார்.

இதைச் சொன்னதும் வீட்டில் எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. பெரியப்பா என்னிடம் பேசவில்லை. சித்தப்பா மட்டும் போனில், "இதெல்லாம் வெளியில சொல்லாத சாமி, மானக்கேடு" என்றார்.

எது மானக்கேடு? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. கொச்சிச் சமஸ்தானம் வெளியிலிருந்து வருகிற அரிசியை நம்பிச் சோறு தின்ற சீமை. எங்கள் சித்தூர் தாலுகாவும் அதற்குள்தான். கிழக்கே எங்கள் பக்கம் இன்றைக்கும் மழை மறைவுப் பூமி, அன்றைக்கு அணைத் தண்ணியும் கிடையாது. அந்த நேரத்தில் ஆளெடுப்புக்காரன் வந்து வேளாவேளைக்குச் சாப்பாடு, போட்டுக்கத் துணி, வீட்டுக்கு மாசாமாசம் மணியார்டர் என்று சொன்னால், ஏர் ஓட்டிக்கொண்டிருந்த இருபது வயசுப் பையன் என்ன செய்வான்? போவான். போனான். அவன் அனுப்பிய மணியார்டரில் தின்று வளர்ந்தவர்தான் மானக்கேடு என்று இப்போது சொல்கிற ஆள்.

"கூலிப்படை" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். அதைச் சொல்கிற நாம் யார்? சம்பளத்துக்காகக் கடல் தாண்டி, வேற்று நாட்டுக் கம்பெனிக்கு ராவும் பகலும் உழைத்து, அதே நாட்டுக் கொடிக்கு முன்னால் நின்று உறுதிமொழியும் எடுத்தவர்கள். நான் உட்படத்தான். நமக்கு மட்டும் அது "கேரியர்", அப்பாருக்கு அது கூலியா?

இன்னொரு பக்கமும் பாருங்கள். நிஜமாகவே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த மலேயாத் தோட்டத் தமிழர்கள், ஜான்சி ராணிப் படைப் பெண்கள் எல்லோரும் கொடுத்த விலை சின்னதில்லை. 1945 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அவர்களுக்காக நாட்டிய நினைவுச்சின்னத்தை, திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துத் தள்ளினார்கள். அந்த ஜனங்களின் பெருமையை நாம் ஓசியில் எடுத்து நம் வீட்டுக் கல்லில் பொறித்துக்கொள்வது கள்ளக் கையெழுத்துக்குச் சமம். பேங்கில் இதுக்கு உள்ளே தள்ளுவார்கள்.

ஐ.என்.ஏ.வில் சேர மறுத்துவிட்டு, ஜப்பானியரால் நியூ கினித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்ட இந்தியக் கைதிகள் கதை தெரியுமா? வேவாக்கில் இறக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். பசியிலும் அடியிலும் செத்தது போகக் கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். 1945-ல் ஆஸ்திரேலியப் படையிடம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் சிண்ட் சிங். கூட மீண்ட பத்துப் பேர் ஊர் திரும்பும் வழியில் அந்த நவம்பரில் விமான விபத்தில் இறந்துபோனார்கள். போர்க்குற்ற விசாரணையில் சாட்சி சொல்வதற்காகத் தங்கிய சிண்ட் சிங் பிழைத்தார். அவர் சொன்ன சாட்சியம் ஆஸ்திரேலியாவில் பத்திரமாக இருக்கிறது. இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? மாவீரனா, துரோகியா? ரெண்டே கட்டம்தான் என்றால் ஃபாரமே தப்பு.

பத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் பக்கத்து சீட்டு ஆஸ்திரேலியர் ஒருநாள் மதிய உணவு நேரத்தில் அவர் தாத்தாவின் கோப்பை போனில் காட்டினார். சேர்ந்த நாள், பார்த்த வேலை, உயரம், கண் நிறம், காய்ச்சலில் படுத்த நாட்கள், தண்டனையாகப் பிடித்த சம்பளம், எல்லாமே. கான்பெராவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகம் ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது, காசு கிடையாது. பிரிட்டனில் 2022-லிருந்து 97 லட்சம் ராணுவக் கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர் தாத்தாவுக்கு ஒரு கட்டுக் காகிதம். என் அப்பாருக்கு ஒரு வரி. ரெண்டு பேரும் ஒரே ராஜாவுக்குத்தான் சல்யூட் அடித்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், செத்துப்போனவர்கள் நன்றாகப் பதிவாகியிருக்கிறார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில் உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவர்களில் வெட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியன், பிரிட்டிஷ்காரன், இந்தியன் எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. எரியூட்டப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவிடம், சுமார் 800 பேர், பெரும்பாலும் நம்மவர்கள். பர்மாவில் தவுக்கியான் நினைவுத் தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடினால் பல சிப்பாய்களுக்கு அப்பன் பெயர், பெண்டாட்டி பெயர், ஊர் எல்லாம் வரும். ரெண்டு வருஷம் மலேரியாவிலும் மழையிலும் கிடந்து, உயிரோடு வந்து, மறுபடி ஏர் பிடித்தவனுக்குத்தான் ஒன்றும் இல்லை. பிழைத்து வந்தது குற்றமா?

ரெக்கார்ட் ஆபீஸ் குமாஸ்தாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பாவம், இருந்த ஒரு வரியைத் தேடி எடுத்து அனுப்பினார். திட்ட வேண்டியது அந்த 25 வருஷ விதியை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. 25 வருஷத்துக்கு மேலான போர்ப் பதிவுகளை நிபுணர்கள் பார்த்து, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். நல்ல விஷயம். ஜெனரல் எழுதிய டைரிக்கு ஆவணக் காப்பகம், சிப்பாய் கோப்புக்குத் தீக்குச்சியா?

போன கோப்பு போனதுதான், யாராலும் திருப்பித் தர முடியாது. நான் கேட்பது மிச்சமிருக்கிற லாங் ரோலை. 1947-க்கு முந்திய பக்கங்களை ஸ்கேன் செய்து பொதுவில் வையுங்கள். ராணுவ ரகசியம் அதில் ஒன்றும் கிடையாது. முடியாத காரியமும் இல்லை: லாகூர் மியூசியத்தில் தூங்கிக்கொண்டிருந்த முதல் உலகப்போர்ப் பதிவேடுகளை, 3,20,000 பஞ்சாப் சிப்பாய்களின் விவரத்தை, பிரிட்டனில் குடியேறிய பஞ்சாபிகளின் சங்கம் ஒன்று கிரீனிச் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2021-லிருந்து இணையத்தில் ஏற்றுகிறது. அவர்களும் நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள்தான். நாம் பட்டிமன்றத்துக்கு ஆள் கூட்டிவரவே வசூல் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அரசாங்கம் செய்வது இருக்கட்டும், உங்கள் வீட்டில் இந்த மாசமே செய்ய வேண்டியது:

1. பெட்டி, பீரோ, பரண் எல்லாம் தேடுங்கள். நட்சத்திரம், பதக்கம், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், மணியார்டர் ரசீது. பதக்கத்தின் பின்பக்கமும் விளிம்பும் பாருங்கள். நம்பர்தான் சாவி.

2. பாட்டிக்கு இரண்டாம் உலகப்போர் சிப்பாயின் விதவை என்று மாநில அரசு உதவித்தொகை வந்ததா? கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் உண்டு. அந்த விண்ணப்பத்தோடு டிஸ்சார்ஜ் நகல் வைத்திருப்பார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

3. ஊர்ப் பெயரில் ஏமாறாதீர்கள். கேரளா என்ற மாநிலம் பிறந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அன்றைக்கு எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி, பாலக்காடு டவுன் மலபார் மாவட்டம், கிழக்கே எல்லை தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். மூணுமே ஒரு நாள் நடை தூரம். எந்தப் பெயரில் பதிந்தான் என்று மூணிலும் தேட வேண்டும். கேரளாவுக்கு நாங்கள் தமிழர், தமிழ்நாட்டுக்கு நாங்கள் கேரளாக்காரர். எங்களுக்காக யாரும் தேடித் தர மாட்டார்கள்.

4. பெயரை எழுதினவன் நம் பாஷை தெரியாத குமாஸ்தாவாக இருக்கலாம். பழனி பல்லனி ஆகியிருப்பார், பாலனியும் ஆகியிருப்பார். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள்.

5. நிஜமாகவே ஐ.என்.ஏ. என்று தோன்றினால் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐ.என்.ஏ. கோப்புகள் இருக்கின்றன. அங்கே பெயர் வந்தால் தாராளமாகக் கல்லில் வெட்டுங்கள், நானும் மாலை போடுகிறேன்.

6. எண்பது தாண்டிய அத்தை, சித்தப்பா யார் இருந்தாலும் இன்றைக்கே போன் போட்டுக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். "நேதாஜி கூட இருந்தாரா?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் வரும். "எந்த வருஷம் போனார், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார், வரும்போது என்ன கொண்டுவந்தார்" என்று கேளுங்கள்.

நிழற்குடைக்கு என் பங்குப் பணம் தயாராக இருக்கிறது. நான் அனுப்பிய வாசகம் இது: நம்பர், பெயர், "இரண்டாம் உலகப்போர், பர்மா முனை, 1943 - 1946." பெரியப்பாவுக்கு இதில் பெருமை போதவில்லையாம். போகிறது. இருபது வயசில் பசிக்காகப் போய், பர்மாவைப் பார்த்து, செத்துப்போகாமல் வந்து, அதைப்பற்றி ஒரு வார்த்தை பீற்றிக்கொள்ளாமல் கடைசி வரைக்கும் வேர்க்கடலை போட்ட மனுஷன். அவருக்கு நம்முடைய ஜோடனை எதற்கு?