அரை மணி நேர உத்தியோகம்

'ஓட்டு விஷயமா எங்க வீட்டுக்கே ஆள் வந்தாங்க' என்று ஆபீசில் சொன்னால், 'எந்தக் கட்சி? கவர்ல எவ்வளவு?' என்றுதான் கேட்கிறார்கள்.

ஸார், வந்தது கட்சி இல்லை, கவர்மென்ட்! கவர் இருந்தது வாஸ்தவம்தான். ஓட்டுச்சீட்டைப் போட்டு ஒட்டுவதற்கு.

2024 லோக்சபா தேர்தல். எங்கள் பாட்டிக்கு 87 வயது. இடுப்பு எலும்பு முறிந்து வருஷக்கணக்காகப் படுக்கை. 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனம் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்களும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுத்தாக வேண்டும். கொடுத்தபிறகு, 'மனசு மாறிட்டேன், பூத்துக்கே வர்றேன்' என்றால் செல்லாது.

வந்தார்கள். அதிகாரிகள், போலீஸ்காரர், வீடியோ கேமரா என்று கல்யாண வீடு மாதிரி கூட்டம். கட்டிலைச் சுற்றி அட்டைத் தடுப்பு வைத்தார்கள். எட்டிப் பார்த்த அம்மாவிடம், "நீ அந்தப் பக்கம் திரும்புடி!" என்றார் பாட்டி. பேனாவால் ஒரு டிக். கவர், கவருக்குள் கவர், கையெழுத்து, முடிந்தது.

அப்போதுதான் அம்மா கேட்டாள். "ஸார், எனக்கும் ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா இப்பவே போட்டுடுவேன். இவங்களை விட்டுட்டு எங்கயும் போக முடியறதில்லே."

அதிகாரி நல்லவர். சிரித்தார். "உங்களுக்கு 85 ஆகணும்மா."

"2021-ல 80-னு சொன்னீங்க. இப்ப 85. நான் வர்றதுக்குள்ள 100 ஆக்கிடுவீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் இருப்பது நாங்கள் மூன்றே பேர். 2019-லும் 2021-லும் நான் காலையிலேயே ஓட்டுப் போட்டுவிட்டு, அப்படியே சினேகிதர்களோடு மகாபலிபுரம் கிளம்பிவிட்டேன். அம்மா ஓட்டுப் போட்டாளா என்று கேட்கவே இல்லை. போடவில்லை!

தேர்தல் செய்தி சேகரிக்கும் பத்திரிகைக்காரர்கள் உட்பட, 'அத்தியாவசியப் பணி' என்று பட்டியலில் இருப்பவர்களுக்குத் தபால் ஓட்டு உண்டு. நியாயம்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்க வைப்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கே வருகிற அதிகாரி, பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு சீட்டு வாங்கிப்போக சட்டத்தில் இடம் வேண்டாமா? கேட்க வேண்டியதுதான்.

அது வருகிறவரை என்ன செய்வது? ஏப்ரல் 19-ம் தேதி நான் செய்ததைச் சொல்கிறேன். "நீ போய்ட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு தரம் தண்ணீர், ஒரு தரம் புரட்டல், ஒரு தரம் பெட்பேன். ஆபீசில் ஒரு வாரத்துக்கு இவ்வளவு வேலை நான் பார்த்ததில்லை!

அம்மா திரும்ப ஒண்ணரை மணி நேரமாயிற்று. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். "கியூ பெரிசுடா" என்றாள். முகத்தில் அலுப்பே இல்லை. "எத்தனை பேரைப் பார்த்தேன் தெரியுமா!"

தேர்தலன்று உங்களுக்குச் சம்பளத்தோடு லீவு, பிரதர். அதில் ஓர் அரை மணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். அங்கேயும் ஓர் அம்மா கட்டிலைவிட்டு நகர முடியாமல் இருக்கலாம். தெருவில் கண் தெரியாதவர் இருந்தால் துணைக்குப் போங்கள். மெஷினில் பிரெய்ல் எண்கள் உண்டு. அது போதாது என்றால் 18 வயதான ஒரு துணையை அவர் உள்ளே அழைத்துப் போகலாம். ஒருவருக்கு மட்டும்தான் துணை போக முடியும் என்பதால், உங்கள் நண்பரையும் கிளப்புங்கள்.

அன்று ராத்திரி பாட்டி மெதுவாகக் கேட்டார்: "யாருக்குடி போட்டே?"

தலையணையைச் சரிசெய்தபடியே அம்மா சொன்னாள்: "நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க அத்தே!"